பழைய ஸ்கானருக்குப் புதிய எண்சுவடி

வானொலிப் பெட்டி என்றதும் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவன ஓர் எண்பலகையும் அதன்மேல் ஓடும் ஓர் ஊசியுமே. குமிழைத் திருப்ப ஊசி நகரும். ஊசி நின்றவிடத்து ஒரு நிலையம் பாடும், அன்றேல் செய்தி கூறும். நிலையத்தைத் தேடிச் செல்பவர் கேட்பவரே. பெட்டிக்கு அதில் யாதொரு கவலையும் இல்லை. இம்முறையைத் தலைகீழாக்கிய வானொலி ஒன்றும் உண்டு. கேட்பவர் வாளாவிருக்க, பெட்டி தானே நூற்றுக்கணக்கான இடங்களை ஓயாது சுற்றிவந்து, எங்கே பேச்சொலி எழுகின்றதோ அங்கே தரித்து நின்று அதனைக் கேட்பிக்கும்; பேச்சு ஓய்ந்ததும் மீண்டும் தன் சுற்றைத் தொடங்கும். ஐக்கிய அமெரிக்காவிலே அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பல வீடுகளின் சமையலறை மேசையிலும், தொண்டர் தீயணைப்புப் படையினரின் கட்டிலருகிலும், செய்தித்தாள் அலுவலகங்களிலும் இருந்துவந்த இப்பெட்டியை ஸ்கானர் என்பர்.

நம் நாட்டு இல்லங்களில் இக்கருவி அரிது. ஆயினும் இதன் வரலாற்றில் நம் மாணவர்கள் அறியத்தக்க செய்தி ஒன்று உளது. முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஸ்கானர்கள் அமெரிக்காவின் பழம்பொருட் சந்தைகளிலும், காலஞ்சென்ற தந்தையரின் அலுமாரிகளிலும் இன்று ஏராளமாகக் கிடக்கின்றன. எடுத்து மின்னிணைப்புக் கொடுத்தால் விளக்கு எரிகின்றது; திரையில் எண்கள் ஓடுகின்றன; ஆனால் ஒரு சொல்லும் கேட்பதில்லை. பழுதென்று கருதிக் குப்பையில் எறிபவர் பலர். உண்மையில் அவற்றுட் பலவற்றில் பழுது யாதுமில்லை. அவை சுமந்திருக்கும் எண்கள் பழையன. அல்லது எண்களே இல்லை. அவ்வெண்களைக் கணினியின் துணைகொண்டு மீள ஊட்டுவது எங்ஙனம், அதனால் எது கைகூடும், எது கைகூடாது என்பதையே ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

பளிங்கும் இருமக் குறியும்

ஒரு வானொலி அலை நொடிக்கு எத்தனை முறை அதிர்கின்றது என்பதே அதன் மீடிறன். ஸ்கானர் என்பது, தன்னிடம் உள்ள மீடிறன் பட்டியலை மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டே செல்லும் ஒரு வாங்கி. ஸ்குவெல்ச் எனப்படும் இரைச்சலடக்கி வெறும் இரைச்சலைத் தடுத்து வைத்திருக்கும். அலையொன்று வந்து அவ்வடக்கி திறந்தால், வாசிப்பு அவ்விடத்தில் நிற்கும். ஆகவே பட்டியலே இக்கருவியின் உயிர். பட்டியலில் இல்லாத மீடிறனில் அடுத்த வீடே எரிவதாக அறிவித்தாலும் பெட்டி அதனை அறியாது.

தொடக்ககாலப் பெட்டிகளில் இப்பட்டியல் குவாட்ஸ் பளிங்குத் துண்டுகளால் ஆனது. ஒரு மீடிறனுக்கு ஒரு பளிங்கு. எட்டு நிலையம் கேட்க வேண்டுமாயின் எட்டுப் பளிங்கு வாங்கிச் செருக வேண்டும். ஊர்த் தீயணைப்புப் படை தன் மீடிறனை மாற்றிவிட்டால், புதுப் பளிங்கு வெட்டுவித்து அது வந்துசேரும்வரை காத்திருக்க வேண்டும்.

1970களின் நடுப்பகுதியில், இந்தியானா மாநிலத்தில் இயங்கிய எலெக்ட்ரா என்னும் நிறுவனம் பெயார்கற்-101 என்ற பெட்டியை வெளியிட்டது. ஒரே பளிங்கிலிருந்து வேண்டிய மீடிறன்களையெல்லாம் கணக்கிட்டு ஆக்கிக்கொள்ளும் சுற்று அதனுள் இருந்தது. ஆனால் மீடிறனைப் பெட்டிக்குச் சொல்வது எவ்வாறு? முகப்பிலே சிறு ஆளிகளின் வரிசை. உடன் ஒரு குறிப்பேடு. வேண்டிய மீடிறனைக் குறிப்பேட்டில் தேடி, அதற்கு நேரே உள்ள இருமக் குறியின்படி ஒவ்வோர் ஆளியையும் மேலோ கீழோ தள்ளிவிட வேண்டும். இரும எண்ணைக் கற்பதால் என்ன பயன் என்று வகுப்பிலே கேட்கும் மாணவருக்குக் காட்டுவதற்கு இதனினும் நல்ல பொருள் இல்லை. ஓர் ஆளியைத் தவறாகத் தள்ளினால் பெட்டி முறையிடுவதில்லை. வேறெங்கோ ஒரு வெற்றிடத்தைக் கேட்டுக்கொண்டு அமைதியாக இருந்துவிடும். சில ஆண்டுகளுள் எண்விசைகள் கொண்ட பெட்டிகள் வந்தன. ஆளி வரிசை மறைந்தது. அந்த அமைதியான தவறு மட்டும் மறையவில்லை.

எண்விசையால் ஏறிய சுமை

விசைகள் வந்ததும் நினைவகம் பெருகியது. ரேடியோ ஷக் கடைகள் ரியலிஸ்ற்றிக் என்னும் பெயரில் விற்ற புறோ-2004 பெட்டி 300 மீடிறன்களைக் கொள்ளும்; அதன் பின்வந்த புறோ-2005, புறோ-2006 ஆகியன 400 கொள்ளும். இவற்றைச் செய்தளித்தது ஜப்பானின் ஜி.ஆர்.ஈ. நிறுவனம். பெயார்கற் என்னும் பெயரோ பின்னர் யூனிடென் நிறுவனத்தின் வசமாயிற்று.

இவ்வளவு இடமும் நிரப்பப்பட வேண்டுமன்றோ? 154.280 என்ற மீடிறனைப் பதிவதற்குப் புள்ளியும் ஈற்றுவிசையும் உட்பட எட்டு அழுத்தங்கள் தேவை. 300 இடங்களுக்கு 2,400 அழுத்தங்கள். இடையிலே தொலைபேசி ஒலித்துக் கவனம் சிதறினால், எந்த எண்ணில் விட்டோம் என்பது ஐயமாகிவிடும். அன்றியும், புறோ-2004 முதலிய பெட்டிகளில் மின்னிணைப்பு இல்லாதபோது நினைவைக் காத்துநிற்பது ஒன்பது வோல்ற்றுப் பற்றரி ஒன்றே. அது சோர்ந்த பின் மின்சாரமும் ஒருநாள் நின்றுவிட்டால், 2,400 அழுத்தங்களின் பயனும் நொடியில் பாழ். அலுமாரியில் பல்லாண்டு கிடந்த பெட்டி வாய்பேசாதிருப்பதற்கு இதுவே பெருங்காரணம்.

கணினி இவ்விடத்திலேதான் உள்ளே வருகின்றது. முதலில் ஒப்ரோஇலெக்ட்ரோனிக்ஸ் என்னும் நிறுவனம் புறோ-2005, 2006 பெட்டிகளுக்குள் பொருத்தத்தக்க ஒரு சுற்றுப்பலகையைச் செய்து விற்றது. அதனால் அப்பெட்டிகள் கணினியின் கட்டளைக்குப் பணிந்தன. 1990களின் பிற்பகுதியில் யூனிடென் நிறுவனம் பி.சி.-895 எக்ஸ்.எல்.ரி., பி.சி.-245 எக்ஸ்.எல்.ரி. ஆகிய பெட்டிகளில் கணினிக்கான வாயிலைத் தானே அமைத்தது. இவை ஒவ்வொன்றும் 300 இடம் கொண்டவை. அடுத்து வந்த பி.சி.-780 எக்ஸ்.எல்.ரி. 500 இடம் கொண்டது; ஒவ்வோரிடத்துக்கும் பெயரும் எழுதலாம்.

கணினிக்கும் இப்பெட்டிக்கும் நடக்கும் உரையாடல் மிக எளியது. கணினி ஒரு சிறு வரியை அனுப்பும். அதில் ஒரு கட்டளைச் சொல்லும், இட எண்ணும், மீடிறனும் இருக்கும். பெட்டி அதனை ஏற்று ‘ஓகே’ என்று மறுமொழி தரும். பின்னர் அடுத்த வரி. அரைநாள் வேலை சில நிமிடங்களுள் முடிந்துவிடும். திரையிலே அட்டவணையாகப் பட்டியல் விரிந்து கிடப்பதால், ஓர் இலக்கம் பிழைத்தாலும் கண்ணிற் படும்.

ஒரே வரிசை, பல கருமபீடங்கள்

கணினி வசதி மட்டுமன்று, தேவையும் ஆயிற்று. அதற்குக் காரணம் ட்ரங்கிங் என்னும் புதிய ஏற்பாடு. முன்னர்க் காவற்படைக்கு ஒரு மீடிறன், தீயணைப்புக்கு ஒன்று, வீதிப் பராமரிப்புக்கு ஒன்று எனத் தனித்தனியே இருந்தன. பெரும்பாலான நேரம் அவை பேச்சின்றிக் கிடந்தன. வங்கியிலே ஒவ்வொரு கருமபீடத்தின் முன்னும் தனி வரிசை நிற்பதைக் காட்டிலும், எல்லாரும் ஒரே வரிசையில் நின்று, காலியான கருமபீடத்துக்குச் செல்வது சிக்கனமன்றோ? ட்ரங்கிங்கும் அத்தகையதே. சில மீடிறன்களை ஒரு நகரத்தின் எல்லாத் திணைக்களங்களும் பங்கிட்டுக்கொள்ளும். கட்டுப்பாட்டு அலை ஒன்று ஓயாது ஒலித்து, ‘இன்ன பேச்சுக்குழு இன்ன இடத்துக்குச் செல்க’ என்று நொடிதோறும் பணிக்கும். ஸ்கானரும் அப்பணிப்பைக் கேட்டுப் பின்தொடர வேண்டும்.

ஆகவே மீடிறன் மட்டுமன்றிப் பேச்சுக்குழு எண்களும் பட்டியலில் ஏறின. இங்கேதான் கையாற் பதிபவர் தடுமாறுவர். மோட்டறோலா நிறுவனத்தின் ஏற்பாடுகளில் பேச்சுக்குழு எண்கள் பதினாறின் மடங்குகளாக வரும். ஆனால் பட்டியல்களில் அவற்றைப் பதினாறடி எண்ணாக 065 என்றாற்போற் சுருக்கி எழுதுவதும் வழக்கம். 065 என்பதைப் பத்தடிக்கு மாற்றினால் ஆறு பதினாறும் ஐந்தும் சேர்ந்து 101. அதனைப் பதினாறாற் பெருக்க 1616. பெட்டி எதிர்பார்ப்பது இந்த 1616ஐ. வெறும் 65 என்று பதிந்தவர் ஆயுள் முழுதும் காத்திருக்கலாம். அக்குழு பேசுவது அவர் காதில் விழாது.

எடாக்ஸ் என்னும் மற்றோர் ஏற்பாட்டில் தொல்லை வேறுவகை. அங்கே கட்டுப்பாட்டு அலை மீடிறனைக் கூறுவதில்லை. ‘நாலாம் இடம்’, ‘ஏழாம் இடம்’ என்று மட்டும் கூறும். நாலாம் இடம் எது என்பதைப் பெட்டி தன் பட்டியலின் நாலாவது வரியைப் பார்த்தே அறியும். எல்லா மீடிறன்களும் சரியாக இருந்தும் வரிசை பிறழ்ந்தால், தீயணைப்புப் படையைத் தேடிச் சென்று பாடசாலைப் பேருந்துச் சாரதியின் பேச்சைக் கேட்க நேரும். கணினிப் பட்டியலில் ஒரு வரியை மேலேற்றுவது ஒரு கணத்து வேலை. பெட்டியின் விசைகளால் அதனைச் செய்வதாயின் வங்கி முழுவதையும் மீளப் பதிய வேண்டும். ஸ்கானரின் நினைவுப் பகுதிகளுக்கும் வங்கி என்றே பெயர் என்பதை இடையிலே கூறிவைப்போம்.

இடிந்த பாலம்

இனி, இன்றைய இடையூறு. 1997இல் ஒரு பெட்டியை வாங்கியவர் அதனோடு ஒரு வடத்தையும், அக்காலக் கணினியில் ஓடும் ஒரு நிரலையும் பெற்றிருப்பார். இன்று பெட்டி உண்டு, வடம் இல்லை. வடம் இருப்பின் அதனைச் செருகக் கணினியில் துவாரம் இல்லை. இரண்டும் இருப்பின் நிரல் ஓடுவதில்லை. மூன்று கால்களுள் ஒன்று முறிந்தாலும் முக்காலி நிற்பதில்லை.

வடத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பழைய கணினிகளின் ஆர்.எஸ்.-232 வாயில், ஒன்றையும் பூச்சியத்தையும் சுழிக்கு மேலும் கீழுமாகப் பன்னிரண்டு வோல்ற்று வரையிலான அழுத்தங்களாக அனுப்பும். ஆனால் சில ஸ்கானர்களின் உள்ளிருக்கும் சில்லு ஐந்து வோல்ற்றுக்கு மேல் தாங்காதது. அத்தகைய பெட்டிக்குரிய வடத்தின் நடுவே அழுத்தத்தை மாற்றும் சிறு சுற்று ஒன்று இருக்கும். செருகி பொருந்துகின்றதே என்று வேறொரு வடத்தைத் தொடுப்பவர், முப்பது ஆண்டு பிழைத்திருந்த சில்லை ஒரு கணத்தில் இழக்கக்கூடும். கையேட்டிலே குறிக்கப்பட்ட வடம் எதுவென்று பாராமல் தொடுத்தலாகாது.

இன்றைய கணினிகளில் யூ.எஸ்.பி. வாயில் மட்டுமே உண்டாதலால் ஒரு மாற்றியும் வேண்டும். மாற்றிகளுள் போலிகள் மலிந்துள்ளன. 2014இல் எஃப்.ரி.டி.ஐ. நிறுவனத்தின் புதிய இயக்கி நிரல் ஒன்று, தன் பெயரால் விற்கப்பட்ட போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைப் பூச்சியமாக்கி அவற்றைச் செயலிழக்கச் செய்தது. போலியென்று அறியாது வாங்கியவர்கள் கூக்குரலிடவே அவ்வியக்கி மீளப்பெறப்பட்டது. கள்ளனைத் தண்டிக்கப் புறப்பட்டு அவனிடம் ஏமாந்தவனைத் தண்டித்த கதை இது என்பது எமது அபிப்பிராயம்.

மாற்றியும் நல்லதாயின், கணினி அதற்கு ஓர் எண்ணைச் சூட்டும். கொம் ஏழு, கொம் பதினொன்று என்றாற்போல அது அமையலாம். பழைய நிரல்களுட் பல கொம் ஒன்று முதல் நான்கு வரையே அறிந்தவை. ஏழாவது ஒன்று உண்டென்பதை அவை கனவிலும் கண்டதில்லை. கணினியின் சாதனப் பட்டியலைத் திறந்து அவ்வெண்ணைக் குறைத்துவிட்டால் தொல்லை தீரும். பெட்டியே கெட்டுவிட்டதென்று முடிவு கட்டியவர்களுட் பலருக்கு உண்மையான தடை இச்சிறு எண்ணாகவே இருந்திருக்கும்.

நிரலே இறுதித் தடை. வின்டோஸின் பழைய பதினாறு பிற்று நிரல்கள் இன்றைய அறுபத்துநான்கு பிற்றுக் கணினிகளில் ஓடமாட்டா. அதற்கும் முற்பட்ட டொஸ் காலத்தில் ரர்போ பஸ்கல் மொழியில் எழுதப்பட்ட நிரல்களுட் சில, கணினி வேகமானதாலேயே வீழ்ந்தன என்பது வேடிக்கை. தொடக்கத்திலே அவை கணினியின் வேகத்தை அளந்துகொள்ளும். 1990களின் பிற்பகுதிச் சில்லுகளின் வேகம் அவ்வளவைக்குள் அடங்காமற்போகவே, கணக்குப் பிழைத்து நிரல் நின்றுவிடும். இவற்றுக்கெல்லாம் ஒரு மாற்று உண்டு. டொஸ்பொக்ஸ் என்னும் இலவச நிரல், இன்றைய கணினிக்குள்ளேயே பழைய மெதுவான கணினியொன்றை நடித்துக் காட்டும். வாயிலையும் அதனோடு இணைத்துத் தரும். அன்றியும், பிற்காலப் பெட்டிகளுக்கு ஃபிரீஸ்கான் போன்ற இலவச நிரல்களை ஆர்வலர் எழுதினர். நெதர்லாந்தின் பியூட்டெல் நிறுவனம் யூனிடென் பெட்டிகள் பலவற்றுக்கும் விலைக்கு நிரல் தந்தது. உற்பத்தியாளர் கைவிட்ட பெட்டிகளையும் இத்தகையோரே தாங்கினர். ஜி.ஆர்.ஈ. 2012இல் ஸ்கானர் உற்பத்தியை நிறுத்தியது. ரேடியோ ஷக் 2015இல் வங்குரோத்தானது. அவ்விரு பெயர்களையும் தாங்கிய பெட்டிகள் அதன் பின்பும் பேசுகின்றன.

வாசித்த பின் எழுதுக

பாலம் சீரானதும் எவர்க்கும் எழும் அவா, புதுப் பட்டியலை உடனே உள்ளே ஏற்றிவிடுவது. அதனைச் சற்றுப் பொறுத்தல் வேண்டும். முதலிற் செய்யத்தக்கது, பெட்டியில் இருப்பதை அப்படியே கணினிக்கு வாசித்து ஒரு கோப்பாகச் சேமிப்பதே.

காரணம் இரண்டு. ஒன்று, எழுதும்போது வடம் கழன்றால் பாதிப் பட்டியல் அழிந்துபோம். கைவசம் ஒரு பிரதி இருப்பது காப்பு. மற்றொன்று இதனினும் பெரிது. காலஞ்சென்ற ஒருவரின் பெட்டியில் இருக்கும் பட்டியல், அவர் வாழ்ந்த ஊர் ஒருகாலத்தில் எவ்வாறு பேசிக்கொண்டது என்பதற்கான சான்று. கலைக்கப்பட்ட ஒரு தொண்டர் தீயணைப்பு நிலையம், மூடப்பட்ட புகையிரதப் பாதை, இன்று வேறொன்றோடு இணைந்துவிட்ட வைத்தியசாலை ஆகியன அதில் வரிவரியாக இருத்தல் கூடும். பெயர் எழுதவல்ல பெட்டியாயின், அவர் ஒவ்வொன்றுக்கும் இட்ட சுருக்கப் பெயரும் இருக்கும். எதனை முதல் வங்கியில் வைத்தார், எதனைப் பூட்டிக் கேளாமல் விட்டார் என்பதும் தெரியும். பிள்ளைகள் அவருடைய கடிதங்களைப் பேணுவர். இதனைப் பேண வேண்டுமென்று அறியாமல் ஒரு பொத்தானை அழுத்தி அழித்துவிடுவர். கணினி வாயிலில்லாத புறோ-2004 போன்ற பெட்டியாயின், புதுப் பற்றரி இடுவதற்கென்று பழையதைக் கழற்றுமுன் பெட்டியை மின்னிணைப்பில் வைத்து, ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு முந்நூறையும் பார்த்தெழுதுதல் வேண்டும். ஒரு மாலைப்பொழுது செல்லும், செல்லட்டும்.

எட்டாத கனிகள்

கணினியால் ஆகாதவையும் உள. இதனை முன்னரே அறிந்தால் வீண் செலவும் மனக்கசப்பும் இல்லை.

அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு 2004இல் இட்ட கட்டளையின்படி, 800 மெகாஹேட்ஸ் பகுதியில் பொதுப்பாதுகாப்பு மீடிறன்கள் இடம்மாற்றப்பட்டன. 866 முதல் 869 வரை இருந்தவை 15 மெகாஹேட்ஸ் கீழிறங்கி 851 முதல் 854 வரையான பகுதிக்கு வந்தன. மோட்டறோலா ஏற்பாட்டிலே கட்டுப்பாட்டு அலை கூறும் இட எண்ணைப் பெட்டி தன்னுள்ளே நிலையாக எழுதப்பட்ட வாய்பாட்டினால் மீடிறனாக்கும். வாய்பாடு மாறிற்று; பி.சி.-245, பி.சி.-780 போன்ற பழைய பெட்டிகளின் உள்ளிருக்கும் வாய்பாடோ மாற்ற இயலாதது. பட்டியல் எத்துணைச் செம்மையாயினும் அவை பழைய முகவரிக்கே சென்று கதவைத் தட்டும்.

2013 சனவரி முதலாந் தேதியோடு 150 முதல் 174 வரையிலும், 421 முதல் 470 வரையிலுமான மெகாஹேட்ஸ் பகுதிகளில் ஒவ்வொரு தடத்தின் அகலமும் 25 கிலோஹேட்ஸிலிருந்து 12.5 ஆகப் பாதியாக்கப்பட்டது. இதனால் பழைய பெட்டி செவிடாகவில்லை. குரல் மெலிந்தே கேட்கும். குமிழைச் சற்றுத் திருப்பினாற் போதும். ஆனால் 151.1375 போன்ற மீடிறனைக் கொடுத்தால், ஐந்தைந்து கிலோஹேட்ஸாக மட்டும் நடக்கவல்ல பெட்டி அதனை 151.135 என்றோ 151.140 என்றோ மாற்றிக்கொள்ளும். கணினித் திரையில் ஓர் எண்ணும் பெட்டித் திரையில் வேறோர் எண்ணும் கண்டு கலங்க வேண்டா. இடைவெளி 2.5 கிலோஹேட்ஸே, பழைய பெட்டியின் காது அகலமானதாகையால் பேச்சு விளங்கும்.

எண்முறைப் பேச்சோ அவ்வாறன்று. ப்ரொஜெக்ற்-25 முறையில் குரல் எண்களாக மாற்றப்பட்டு வருவதால், அதற்கெனச் செய்யப்படாத பெட்டியில் வெறும் உறுமலே கேட்கும். மறைகுறியாக்கப்பட்ட பேச்சைப் புதிய பெட்டியும் விளங்காது. கொலராடோவின் டென்வர் நகரக் காவற்படை 2019இலும், நியூயோர்க் நகரக் காவற்படை 2023 முதற் படிப்படியாகவும் இம்முறையை மேற்கொண்டன. ‘இந்த நிரல் எல்லாவற்றையும் கேட்பிக்கும்’ என்று கூறி விற்பவர் உளராயின் அவர் பொய்யர்.

கேட்பதற்கும் எல்லை உண்டு. 1996 டிசம்பரில் புளோரிடாவைச் சேர்ந்த தம்பதியர் இருவர், பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் நியூட் கிங்றிச் பங்குபற்றிய கைத்தொலைபேசி உரையாடல் ஒன்றை ஸ்கானராற் கேட்டுப் பதிவுசெய்தனர். அது செய்தித்தாள்களில் வெளியாயிற்று. தம்பதியர் தலைக்கு 500 டொலர் குற்றப்பணம் செலுத்தினர். அதற்கு முன்பே, 1994 ஏப்ரலுக்குப் பின் செய்யப்படும் ஸ்கானர்கள் கைத்தொலைபேசி மீடிறன்களைக் கேட்கலாகாது என்று சட்டம் வந்திருந்தது. 1986இன் சட்டமோ அவ்வுரையாடலைக் கேட்பதையே தடுத்திருந்தது. ஐக்கிய இராச்சியத்தில், தமக்கென அனுப்பப்படாத செய்தியைக் கேட்பது பொதுவாகவே குற்றம். இலங்கையில் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி வானொலிக் கருவிகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து எவரேனும் அன்பளிப்பாக அனுப்ப முன்வந்தால், பெற்றோர் இதனை நினைவிற்கொள்வார்களாக.

எஞ்சியிருப்பவை

அங்ஙனமாயின், பழைய பெட்டிக்கு எதனைத்தான் ஊட்டுவது? நிரம்ப உண்டு. விமானங்கள் 118 முதல் 137 மெகாஹேட்ஸ் வரையான பகுதியில் இன்றும் பழைய வீச்சுப்பண்பேற்ற முறையிலேயே பேசுகின்றன. கடலில் அபாய அழைப்புக்குரிய பதினாறாந் தடம் 156.8 மெகாஹேட்ஸில் உள்ளது. அமெரிக்கப் புகையிரதங்களின் பேச்சு 160, 161 மெகாஹேட்ஸ் பகுதிகளிற் கேட்கும். அந்நாட்டு வளிமண்டல ஆய்வுத் திணைக்களம் 162.400 முதல் 162.550 வரையான ஏழு மீடிறன்களில் இரவும் பகலும் வானிலை கூறுகின்றது. சிற்றூர்த் தீயணைப்புப் படைகள் பலவும் பழைய முறையை விடவில்லை.

கலிபோர்னியா மாநிலத்துத் தீயணைப்புத் திணைக்களம் காட்டுத்தீயை எதிர்க்கையில் 151 மெகாஹேட்ஸ் பகுதியைப் பெரிதும் பயன்படுத்துகின்றது. 2018 நவம்பர் 8ஆந் தேதி அம்மாநிலத்தின் பரடைஸ் என்னும் ஊரைத் தீ விழுங்கியபோது 85 பேர் மாண்டனர். வெளியேறுமாறு தொலைபேசி வழியாக விடுக்கப்பட்ட எச்சரிக்கை பலரை எட்டவேயில்லை. உத்தியோகபூர்வ எச்சரிக்கைக்கு ஸ்கானர் ஈடாகாது என்பது மெய். ஆயினும் தீ எந்த மலைமுகட்டைத் தாண்டிற்று, எந்த வீதி அடைபட்டது என்பதைத் தீயணைப்பாளர் தம்முள் கூறிக்கொள்வதைக் கேட்பவருக்கு, புறப்படுவதற்குச் சில நிமிடங்கள் கூடுதலாகக் கிடைக்கலாம். 1990ஐயொட்டிய புறோ-2006 ஒன்றும் அப்பேச்சைக் கேட்கவல்லது, அதற்குரிய மீடிறன்கள் அதனுள் இருக்குமாயின்.

ஆகவே அத்தகைய ஊரில் வாழ்பவர் தம் பெட்டியின் முதல் வங்கியில் மாவட்டத் தீயணைப்பையும் காட்டுத்தீ மீடிறன்களையும் வானிலையையும் இட்டு, ஏனையவற்றைப் பின் வங்கிகளுக்குத் தள்ளுதல் நன்று. முந்நூறையும் ஒருங்கே சுற்றவிட்டால், ஆகாய விமானம் ஒன்றின் பேச்சில் பெட்டி தரித்து நிற்கும் வேளையில் தீயணைப்பாளரின் ஒருவரி கடந்துபோம். எண்களை ஆர்வலர் பேணும் பொதுப் பட்டியல்களிலிருந்து எடுக்கலாம். எனினும் ஒவ்வொன்றையும் கேட்டுச் சரிபார்த்த பின்பே நம்புதல் வேண்டும்.

எல்லாம் எழுதி முடிந்ததும் ஒரு சோதனை பாக்கி உண்டு. பழைய பெட்டியாயின் மின்னிணைப்பைக் கழற்றி, அரைமணி நேரம் அப்படியே விட்டு, மீள இணைத்து, முதலாம் இடத்தையும் முந்நூறாம் இடத்தையும் பார்க்க வேண்டும். இரண்டிலும் எழுதிய எண் நிற்குமாயின் பற்றரி தன் கடமையைச் செய்கின்றது. இரண்டும் வெறுமையாயின், கடைக்குச் சென்று ஒன்பது வோல்ற்றுப் பற்றரி ஒன்று வாங்கி இட்டு, சேமித்த கோப்பிலிருந்தோ கொப்பியிலிருந்தோ மீளப் பதிந்துகொள்ளலாம். புதுப் பற்றரி இட்ட தேதியைச் சிறு தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிவைப்பின், அடுத்த முறை எப்போது மாற்றுவதென்று எவரையும் கேட்க வேண்டியதில்லை.